கடைவீதிக்கு வழி

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள். அன்னார் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். அகதிக்குத் தங்க இடம் மட்டும் போதாது. உழைக்க வழியும் வேண்டும்.

நம் மலேசியாவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1970களில் மிண்டனாவோவில் போர் மூண்டபோது, தென்பிலிப்பீன்ஸ் முஸ்லிம்கள் கடல் கடந்து சபா வந்தார்கள். அவர்களுக்கு ஐஎம்எம்13 என்னும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; ஆனால் வேலை செய்யலாம். 2005இல் ஆச்சே மக்களுக்கும் அது வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒப்பந்தத்தால் ஆச்சேயில் அமைதி திரும்பியது. மிண்டனாவோவிலோ போர் நீண்டது. சபாவில் 'தற்காலிகம்' பேரப்பிள்ளைகள் காலம்வரை வந்துவிட்டது.

மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்கள் பலரிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணைய அட்டை. அது வேலை அனுமதி ஆகாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பார்கள். ஐஎம்எம்13 வழங்க அந்தக் கையெழுத்து தேவைப்படவில்லையே!

ரமலானில் அரிசி கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, உழைத்துத்தான் தலைநிமிர்ந்தார்கள். அந்த வழி இவர்களுக்கும் திறக்க, நம் சங்கம் அரசிடம் எடுத்துச் சொல்லட்டும். இவர்களின் பிள்ளைகள் படிக்க, சங்க மாடியை மாலைநேரங்களில் திறந்துவிடுவோம்.