ஈரலும் அறிவும்



அச்சந்தரும் செய்தியொன்றைக் கேட்டால் 'ஈரக்குலை நடுங்கிற்று' என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. அச்சம் தோன்றுவது உள்ளத்தில். நடுங்குவதோ ஈரல் என்கிறோம். 35 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நான், இதனை வெறும் பேச்சலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். என் தமையனாருக்கு நேர்ந்த நோய் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

அவர் மதுவைத் தொட்டறியாதவர். நீரிழிவு உண்டு, உடலும் சற்றுப் பருத்தது. சென்ற ஆண்டு, பகலில் உறங்குவதும் இரவில் விழித்திருப்பதுமாக ஆனார். குத்தகைக் கணக்கை ஒரு புள்ளியும் பிசகாமல் எழுதி வந்தவருடைய கையெழுத்துக் கோணிற்று, கூட்டல் தவறிற்று. முதுமை என்றனர் வீட்டார். நானோ, பழக்கத்தின் காரணமாக, பிழை செய்த மாணவனைக் கடிவது போல அவரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறாது தலைகுனிந்தார்.

மருத்துவர் அவரை இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து, விரல்களை விரிக்கச் சொன்னார். கைகள் பறவை சிறகடிப்பது போல அடித்துக்கொண்டன. பின்னர், 1 முதல் 25 வரை எண்கள் சிதறிக் கிடந்த தாளொன்றைத் தந்து, அவற்றை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொன்னார். பள்ளிச் சிறுவன் செய்யத்தக்க அப்பயிற்சியில் என் தமையனார் தடுமாறியதைக் கண்டு என் நெஞ்சு கலங்கியது. பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, அழற்சியுற்று, தழும்பேறி இறுகிய ஈரலே இதற்குக் காரணம் என்பது சோதனைகளால் தெரிந்தது.

ஈரலுக்கும் அறிவுக்கும் என்ன தொடர்பு? புரத உணவு செரிக்கும்போது குடலில் அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. குடலிலிருந்து வரும் குருதி முதலில் ஈரலையே சேரும். ஈரல் அந்நச்சை யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. இம்மாற்றம் நிகழும் முறையை 1932-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் விளக்கினர். அதற்கு முன்னரே, 1893-இல், ரஷ்ய அறிஞர் பாவ்லோவும் அவருடைய தோழர்களும், குடற்குருதி ஈரலுட் புகாது செல்லுமாறு நாய்களுக்கு அறுவை செய்தனர். இறைச்சி உண்டபின் அவை நிலை தடுமாறக் கண்டனர். ஈரல் தளர்ந்தால் நச்சு மூளையை எட்டுகிறது, அறிவு மங்குகிறது.

ஈரலில் 5 விழுக்காட்டிற்கு மேல் கொழுப்புச் சேர்வதையே கொழுப்பு ஈரல் என்கிறோம். பெரும்பாலோர்க்கு அது இவ்வளவு முற்றுவதில்லை. எனினும், முற்றாத நிலையிலும் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஆய்வினர் 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, நடுவயதினருள் கொழுப்பு ஈரல் உடையோரின் மூளை அளவு சற்றுக் குறைந்திருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது. இன்சுலின் சரிவரப் பயன்படாமை, குருதியழுத்தம் ஆகியவை இரண்டிற்கும் பொதுவான பகைகள்.

ஆறுதலும் உண்டு. பருத்த உடலினர் தம் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால், ஈரலின் கொழுப்பும் அழற்சியும் தணிகின்றன. என் ஈரலிலும் கொழுப்பு உண்டென்று ஸ்கேன் காட்டியபின், நானும் நாள்தோறும் நடக்கிறேன்; இனிப்பைக் குறைத்துவிட்டேன்.

அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் என்னும் பாகுமருந்தைத் தமையனாருக்கு அளித்தனர். ஈரலின் தழும்பு மாறவில்லை; ஆனால் சில நாட்களில் அறிவு தெளிந்தது. ஒரு காலை, "தம்பி, அந்தக் கணக்கைக் கொண்டு வா, பிழை எங்கே என்று பார்ப்போம்" என்றார். நான் அதைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். என் பிழைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

உங்கள் இல்லத்து முதியவர் திடீரென மாறினால், முதுமை என்று ஒதுக்காதீர்கள், கடிந்தும் பேசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.