செவ்வாய்க்குச் சென்ற இரு சிறு பெட்டிகள்

2018ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையிலுள்ள வண்டன்பேர்க் தளத்திலிருந்து ஒரு ரொக்கெற் புறப்பட்டது. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கி அதன் உள்ளமைப்பை ஆராயவிருந்த 'இன்சைற்' என்னுங் கலமே அதன் முதன்மையான சுமை. அச்சுமையோடு சுமையாக இரண்டு சிறு பெட்டிகளும் அன்று ஏறிச் சென்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் நீளமும், 24 சென்ரிமீற்றர் அகலமும், 12 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது; நிறை பதின்மூன்றரைக் கிலோகிராம். பிரயாணத்துக்குத் துணி அடுக்கும் சிறு கைப்பெட்டியை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். 'மார்க்கோ' எனப் பெயர் பெற்ற இவ்விரட்டைகளே, பூமியின் பிடியை விட்டு இன்னொரு கிரகத்தை நோக்கிச் சென்ற முதலாவது சதுரமுகிச் செய்மதிகள்.

சதுரமுகிச் செய்மதி என்பது யாது? 1999ஆம் ஆண்டில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பொப் ருவிக்ஸ் என்பவரும், கலிபோர்ணியாப் பொலிரெக்னிக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்டி புய்க்-சுவாரி என்பவரும் சேர்ந்து வகுத்த ஓர் அளவுத் திட்டம் அது. மாணவர் ஒருவர் தாம் கற்குங் காலத்துக்குள்ளேயே ஒரு செய்மதியை வரைந்து, செய்து, பரிசோதித்து முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பக்கம் ஒவ்வொன்றும் பத்துச் சென்ரிமீற்றர் கொண்ட சதுரமுகி ஓர் அலகு. அதனை வில்லொன்று பொருத்திய கூட்டில் அடைத்து, ரொக்கெற்றில் ஏற்றிவிடுவர். கூட்டின் அளவு மாறாதிருப்பதால், உள்ளே இருப்பது எவருடையது, எதற்கானது என்ற கவலை ரொக்கெற்றுக்கு உரியவர்க்குப் பெரிதும் இல்லை. திட்டத்தின் வெற்றிக்குச் செய்மதியைவிட அக்கூடே காரணம் என்று நான் கருதுவதுண்டு. 2019ஆம் ஆண்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இலங்கையின் 'இராவணா-1' இவ்வாறான ஓர் அலகுச் செய்மதியே. மார்க்கோ ஆறு அலகுகள் கொண்டது.

பூமியைச் சுற்றும் சிறு செய்மதியைச் செய்தவர், அதே கைத்திறனைக் கொண்டு செவ்வாய்க்குச் செல்லும் சிறு கலத்தையும் செய்துவிடலாமே என்று தோன்றக்கூடும். அங்கேதான் இடர் தொடங்குகின்றது. பூமிக்கு அருகில் உலவும் செய்மதி, தன்னிடம் இல்லாத பலவற்றைப் பூமியிடம் இரவல் பெற்றே வாழ்கின்றது. தூரம் போகும் கலத்துக்கு இரவல் கொடுப்பார் எவருமில்லை.

காந்தப் புலத்தை எடுத்துக்கொள்வோம். செய்மதி தன் முகத்தைச் சூரியனுக்கோ பூமிக்கோ திருப்புவதற்கு, அதனுள்ளே சிறு சுழற்சில்லுகள் உண்டு. சில்லு ஒருபுறம் சுழன்றால் கலம் மறுபுறம் திரும்பும். ஆனால் சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தங்கூட நாளடைவில் கலத்தைத் திருப்ப முயலும். அதை எதிர்த்து எதிர்த்துச் சில்லுகள் வேகமுற்று, இனி மேலும் வேகங்கொள்ள இயலாத எல்லையை அடைந்துவிடும். பூமிக்கு அருகிலாயின், கம்பிச் சுருளொன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தி, பூமியின் காந்தப் புலத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு அச்சுழற்சியைக் குறைத்துவிடலாம். கிரகங்களுக்கு இடைப்பட்ட வெளியிலோ அத்தகைய வலிய புலம் இல்லை. எனவே மார்க்கோவினுள் ஒரு வாயுத் தொட்டியும் எட்டுச் சிறு துவாரங்களும் அமைக்கப்பட்டன. வாயுவைப் பீச்சினால் கலம் எதிர்த்திசையில் உந்தப்படும். அவர்கள் தெரிந்தெடுத்த வாயு, தீயணைக்கும் கருவிகளில் பயன்படும் வாயுவே! தீயணைப்புக் கருவியைப் பீச்சி வெளியிற் பறக்கும் இயந்திர மனிதன் ஒருவன் 'வோல்-ஈ' என்னும் சித்திரப் படத்திலே வருகின்றான். பொறியியலாளர் இரட்டைகளில் ஒன்றுக்கு அவன் பெயரையும், மற்றதற்கு அவன் தோழி 'ஈவ்' பெயரையும் சூட்டி மகிழ்ந்தனர். பெயருக்கேற்ப வோல்-ஈயின் வாயு சிறிது கசியவுஞ் செய்தது. கசிவு கலத்தை அலைக்கழித்தபோதிலும், அதனைத் திருத்தித் திருத்திச் செவ்வாய்வரை கொண்டு சென்றனர்.

இனி, யாவற்றிலும் கடினமான பேச்சுப் பிரச்சினை. இன்சைற் இறங்கிய நாளில் செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையிலிருந்த தூரம் ஏறத்தாழ 14 கோடியே 60 இலட்சம் கிலோமீற்றர். ஒளியே அத்தூரத்தைக் கடக்க எட்டு நிமிடத்துக்கு மேலாகும். கைப்பெட்டியளவான கலத்திலிருந்து சில உவாற்று வலுவுடன் புறப்படும் வானொலி அலை, அத்தூரத்தைக் கடந்து வந்து கேட்கப்பட வேண்டும். வழக்கமாக இதற்கு வேண்டுவது குழிந்த தட்டுப் போன்ற பெரிய அன்ரனா. அதனைப் பெட்டிக்குள் மடித்து வைப்பதோ அரிது. மார்க்கோவின் அமைப்பாளர் கண்ட வழி இது: அன்ரனா தட்டையாகவே இருக்கட்டும், அதன்மேல் வெவ்வேறு அளவான சிறு உலோகச் சதுரங்களைப் பதித்துவிடுவோம். ஒவ்வொரு சதுரமும் தன்மேற் படும் அலையைத் தன் அளவுக்கேற்பச் சற்றுத் தாமதித்துத் திருப்பும். அத்தாமதங்களைக் கணக்கிட்டு அமைத்தால், தட்டையான பலகையிலிருந்து திரும்பும் அலைகள், குழிந்த தட்டிலிருந்து திரும்பியன போலவே ஒரே திசையில் ஒன்றுபட்டுச் செல்லும். மூன்று பலகைகள்; மடித்தால் பெட்டியின் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். இக்கலத்தின் அமைப்பில் என் மனத்தை மிகக் கவர்ந்த பகுதி இதுவே. கணிதத்தைக் கொண்டு வளைவை நிமிர்த்திவிட்டார்கள். இத்தனையும் செய்து கிடைத்த வேகம், செக்கனுக்கு எண்ணாயிரம் 'பிற்று' மாத்திரமே.

மின்சாரமும் இறுக்கமானது. பூமிக்கு அருகில் 35 உவாற்று வரை தந்த சூரியத் தகடுகள், செவ்வாயருகே அதில் ஏறத்தாழப் பாதியையே தரும். பற்றரியிற் சேமித்து வைத்துப் பேச வேண்டிய வேளையிற் பேசுவதன்றி வேறு வழியில்லை.

மார்க்கோவுக்கு இடப்பட்ட பணி இன்சைற் இறங்கும்போது அதன் குரலைக் கேட்டு, உடனுக்குடன் பூமிக்கு அஞ்சல் செய்வது. ஆயினும் அதுவின்றி இன்சைற்றுக்குக் குறையொன்றுமில்லை. செவ்வாயைச் சுற்றிவந்த வேறொரு கலம் அக்குரலைப் பதிவு செய்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தேனும் தந்திருக்கும். 80 கோடி டொலருக்கு மேற் செலவான முயற்சியை, ஒருகோடியே 85 இலட்சம் டொலரில் ஆன புதுப் பரிசோதனையின் கையில் ஒப்படைக்க எவரும் துணியார், அவ்வாறு ஒப்படைக்கவுமில்லை. பயனுள்ள வேலை கொடு, ஆனால் இன்றியமையாத வேலையைக் கொடாதே என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிக விவேகமானதாகத் தோன்றுகின்றது. தோல்வி ஏற்பட்டால் பாடம் மிஞ்சும். வெற்றி கிட்டினால் ஒரு புதுவழி திறக்கும்.

2018 நவம்பர் 26ஆந் திகதி இரு பெட்டிகளும் செவ்வாயைக் கடந்து சென்றுகொண்டே தம் கடமையைச் செய்தன. இன்சைற் தரையைத் தொட்ட செய்தியும், அது எடுத்த முதற் படமும் அவற்றின் வழியாகவே வந்தன. வோல்-ஈ சுமார் 7,600 கிலோமீற்றர் தூரத்திலிருந்து செவ்வாயைப் படம் பிடித்தது. ஈவ் அனுப்பிய வானொலி அலைகள் செவ்வாயின் வளிமண்டலத்தை ஊடறுத்து வந்தபோது அடைந்த மாற்றம், அவ்வளிமண்டலத்தைப் பற்றிய ஆய்வுக்கு உதவியது. சிறு பெட்டிகளும் விஞ்ஞானஞ் செய்யவல்லன என்பதற்கு அது சான்று. டிசம்பர் 29ஆந் திகதியோடு வோல்-ஈயின் குரலும், 2019 ஜனவரி 4ஆந் திகதியோடு ஈவின் குரலும் ஓய்ந்தன.

இவ்வெற்றியைக் கண்டு எல்லாம் எளிதென எண்ணுதல் தகாது. 2022 நவம்பர் 16ஆந் திகதி 'ஆட்டெமிஸ்' என்னும் சந்திர யாத்திரைத் திட்டத்தின் முதலாவது ரொக்கெற் பத்துச் சதுரமுகிகளைச் சுமந்து சென்றது. அவை ரொக்கெற்றில் ஏற்றப்பட்ட பின்னர், புறப்பாடு பல மாதங்கள் தள்ளிப்போயிருந்தது. பத்தில் சில தம் பணியைச் செய்ய இயலாது போயின. சந்திரனில் இறங்கவிருந்த ஜப்பானின் 'ஒமொதெனாஷி', சூரியத் தகடு சூரியனைப் பாராத நிலையிற் சுழன்றுகொண்டிருந்தமையால் மின்சாரமின்றி முயற்சியைக் கைவிட்டது. குறுங்கோளை நோக்கிச் செல்லவிருந்த மற்றொன்றிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஆகவே, தாய்க் கலமொன்று சிறு கலங்களைத் தன்னுள் ஏந்திச் சென்று, சேருமிடத்தில் இறக்கிவிடும் முறையை ஐரோப்பியர் கைக்கொண்டுள்ளனர். 2024 அக்டோபர் 7ஆந் திகதி புறப்பட்ட 'ஹெரா' என்னுங் கலம் 'யுவெந்தாஸ்', 'மிலானி' என்னும் இரு சதுரமுகிகளைத் தாங்கிச் சென்றது. டிடிமொஸ் என்ற குறுங்கோளும் அதனைச் சுற்றும் டிமோர்பொஸ் என்ற சிறு துணையும் அவற்றின் இலக்கு. யுவெந்தாஸ் றேடார் அலையைச் செலுத்தி டிமோர்பொஸின் உட்புறத்தைத் துருவுவதற்கென்றும், மிலானி அதன் மேற்பரப்பின் கனிப்பொருள்களை ஆராய்வதற்கென்றும் அமைக்கப்பட்டன. பூமியோடு நேரே பேசும் பாரம் அவற்றுக்கு இல்லை. அவை சொல்வதைத் தாய்க் கலம் கேட்டு, தன் பெரிய அன்ரனாவினால் நமக்குச் சொல்லும்.