நோய்கள் பல, நோயாளர் ஒருவரே



வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஒரு குடியானவருக்கு நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் மூட்டு வலியும் ஒருங்கே வாய்த்திருப்பது இன்று அரிய செய்தியன்று. வவுனியாவிலும் மணலாற்றுப் பக்கத்திலும் காரணம் தெளியாத சிறுநீரக நோயும் இவற்றோடு வந்து சேர்கிறது. 2009 இல் முடிவுற்ற போரின் எறிகணைச் சிதறல்களை உடலிலே சுமப்போரும், அன்று இழந்த உறக்கத்தை இன்னும் மீளப் பெறாதோரும் நம்மிடையே உளர்.

இத்தகையவருக்கு நமது வைத்தியசாலைகளில் கிடைப்பது யாது? நோய்க்கு ஒரு கிளினிக். கிளினிக்குக்கு ஒரு கிழமை. கிழமைக்கு ஒரு வைத்தியர். துணுக்காயிலுள்ள கமக்காரர் மாங்குளம் வந்து, பேருந்து மாறி, முல்லைத்தீவு சென்று மீள்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலபோக அறுவடையின்போது மாதத்தில் மூன்று நாள்களை அவர் எங்கே தேடுவார்? ஒரு கிளினிக்கைக் கைவிடுகிறார். உடனே, நோயாளர் ஒத்துழைப்பதில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது! எதிரியின் வாக்குமூலத்தைக் கேளாமலே வழங்கப்படும் தீர்ப்பு இது.

நாள் வீணாவதினும் கொடியது ஒன்றுண்டு. மூட்டு வலிக்குக் கொடுக்கப்படும் டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகள் குருதி அமுக்கத்தை உயர்த்தவல்லன; பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கவல்லன. நீரிழிவுக்கான மெட்போமினோ, சிறுநீரகம் தளரத் தளர அளவு குறைக்கப்படவும் ஈற்றில் நிறுத்தப்படவும் வேண்டியது. ஒரு கிளினிக் எழுதியதை மற்றது பாராதுவிடின் தனித்தனியே சரியான மருந்துகள் கூடி ஒரு மனிதரைக் கெடுக்கும். அப்பொழுது பொறுப்பாளி எவர்? எவருமில்லர்.

ஒருங்கிணைந்த பராமரிப்பு இந்நாட்டுக்குப் புதியதன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த காலந்தொட்டு, எல்லை வகுத்து, வீடு வீடாகச் சென்று, தாயையும் சேயையும் காக்கும் முறை வளர்ந்தது. இன்றும் ஒரு கர்ப்பிணியின் அட்டையைப் பார்த்தால் அவர் நிலை முழுவதும் புலனாகும். அவர்தம் மாமனாரின் நீரிழிவையும் நெஞ்சு வலியையும் ஒருசேர அறிந்தவர் கிராமத்தில் உண்டா?

அரசாங்கம் இதனை அறியாததுமன்று. 2018 இன் சுகாதாரக் கொள்கை, நிபுணர்களுள்ள வைத்தியசாலையும் அதனைச் சூழ்ந்த சிறு வைத்தியசாலைகளும் ஒரே தொகுதியாக இயங்க வேண்டும் என்றும், மக்கள் அண்மையிலுள்ள நிலையத்தில் பதிவுபெற வேண்டும் என்றும் கூறுகிறது. கொள்கை நன்று. அதனை வன்னியில் நடத்துவிக்கும் கை எது?

1987 இன் பதின்மூன்றாம் திருத்தம், போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கானவையும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகளை மாகாண சபையின் அதிகாரத்தில் வைத்தது. 2013 இல் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்கவேண்டிய சபையே இல்லாதவிடத்துக் கிளினிக் கிழமையை மாற்றுவதற்கும் அதிகாரியின் தயவை நாட வேண்டியுள்ளது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பல நோயுடையோருக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் ஒரே நாள், ஒரே கொப்பி; அதன் முதற்பக்கத்தில் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தினதும் பட்டியல்; அதற்குப் பொறுப்பாகப் பெயர் குறிக்கப்பட்ட ஒரு வைத்தியர். நிபுணர் குறித்த நாளில் அங்கு வரட்டும், அல்லது அவ்வைத்தியர் தொலைபேசியில் அவரைக் கலந்தாலோசிக்கட்டும். புதுக் கட்டடம் எதனையும் நாம் கேட்கவில்லை. (திறப்பு விழாக்களுக்கு இங்கே குறைவில்லை!)

கமக்காரர் அமைப்புகள் தத்தம் ஊரில் இரண்டுக்கு மேற்பட்ட கிளினிக்குகளுக்குச் செல்வோர் எத்தனை பேர், எங்கே, எந்தக் கிழமைகளில் செல்கின்றனர் என்று, எவர் பெயரையும் குறிக்காமல், கணக்கெடுத்துத் தாருங்கள். மாகாணப் பணிப்பாளருக்கான விண்ணப்பத்தை வரைந்து, கொண்டுபோய்க் கொடுப்பதை நாம் பார்த்துக்கொள்கிறோம்.