நீச்சல் குளத்தின் மறு நிர்மாணம்

ஆஸ்திரேலியாவில் சிட்னித் துறைமுகத்தின் வடகரையில், உலகப் பிரசித்தி பெற்ற இரும்புப் பாலத்தின் அடிவாரத்தில், 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு நீச்சல் குளம் திறக்கப்பட்டது. 1932இல் பாலவேலை முடிந்ததும், பாலத்துக்கு வேண்டிய உத்தரங்களைச் செய்து கொடுத்த பட்டறைகள் இருந்த நிலம் வெறுமையாகிவிடவே, அதன் ஒரு பாகத்தில் லூனா பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காவும், மற்றொரு பாகத்தில் இந்தக் குளமும் எழுந்தன. கடற்பறவைகளும் டால்பின்களும் தவளைகளும் சுதை உருவங்களாகச் சுவர்களை அலங்கரிக்க, துறைமுகத்துக் கடல்நீரையே வடிகட்டி நிரப்பிய அந்தக் குளத்தில், 1938ஆம் வருஷத்து பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளின் நீச்சல் போட்டிகள் நடந்தன. 1964இல் டான் பிரேசர் என்னும் வீராங்கனை 100 மீட்டர் தூரத்தை 58.9 வினாடியில் நீந்திக் கடந்ததும் அங்கேதான். அக்குளத்தில் நிகழ்ந்த உலக சாதனைகள் மொத்தம் 86 என்பது கணக்கு. ஆயினும், அந்தக் கீர்த்தியைக் காட்டிலும், விடியற்காலையில் வந்து நீந்திவிட்டு வேலைக்குப் போன எளிய மனிதர்களுக்கும், முதன்முதலாகத் தண்ணீரில் முகம் வைக்கக் கற்றுக்கொண்ட பள்ளிச் சிறுவர்களுக்கும் அது எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த உபகாரமே பெரிது என்பது என் துணிபு.

இத்தகைய குளம் ஒன்று மூப்படைந்துவிட்டால் ஊரார் என்ன செய்வது? இன்று நான் ஆராய விரும்பும் விஷயம் இதுதான்.

குளத்தின் மூப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. கான்கிரீட்டின் நுண்ணிய துவாரங்கள் வழியே நீரிலுள்ள குளோரைடு உப்பு மெல்ல மெல்ல உள்ளே சென்று இரும்புக் கம்பியைத் தொட்டுவிடுகிறது. தொட்ட இடத்தில் துரு பிடிக்கிறது. துருவானது தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பிப் பிளந்து, பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடுகிறது. கடல்நீர்க் குளத்தில் இந்தச் சேதம் இன்னும் விரைவாக நிகழும். பூமிக்கடியில் புதைந்த குழாய்களும், கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே விட்ட இணைப்புகளும் கசியத் தொடங்கினாலோ, அது வருஷக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும். கசிவைக் கண்டறிவதற்குப் பழைய பராமரிப்பாளர்கள் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ஒரு வாளியில் நீர் நிரப்பி, குளத்தின் படியிலேயே பாதி அமிழும்படி அதை வைத்து, வாளிக்கு உள்ளே உள்ள நீர்மட்டத்தையும் வெளியே உள்ள நீர்மட்டத்தையும் கோடிட்டுவிட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துப் பார்ப்பார்கள். வெயிலும் காற்றும் இரண்டு நீரையும் ஒன்றுபோலவே குடிக்கும். ஆகவே வாளியைக் காட்டிலும் குளம் அதிகமாக இறங்கியிருந்தால், அந்த மிகுதி முழுவதும் மண்ணுக்குள் போயிற்று என்று நிச்சயிக்கலாம். 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் அந்த மிகுதி ஒரு சென்டிமீட்டராக இருந்தாலும், ஒரே நாளில் போனது 12,500 லிட்டர்!

சரி, தண்ணீரை வடித்துவிட்டுப் பழுது பார்ப்போமே என்றால், அதிலும் அபாயம் இருக்கிறது. நிலத்தடி நீர் உயர்ந்துள்ள கரையோரங்களில், உள்ளேயிருக்கும் நீரின் பாரந்தான் தொட்டியை மண்ணிலே அழுத்தி வைத்திருக்கிறது. முன்யோசனையின்றி அதை வடித்தோமானால், வெறுந் தொட்டி ஓடத்தைப் போல மேலெழும்பி வெடித்துவிடவும் கூடும்.

ஆகவே ஒரு கட்டத்தில், பழுது பார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே மேல் என்ற முடிவுக்கு நகரசபை வந்துதான் தீரவேண்டியிருக்கிறது. அப்போது முதலில் ஆலோசிக்க வேண்டியது குளத்தின் நீளமோ, கூரையின் அழகோ அன்று. அந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் யார் என்பதே. போட்டிக்காகப் பயில்வோருக்கு 25 முதல் 28 டிகிரி வரையுள்ள நீர் உகந்தது. அதைவிட வெப்பம் மிகுந்தால் அவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு வரும் முதியவருக்கும், கைக்குழந்தையை ஏந்தி இறங்கும் தாய்க்கும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெதுவெதுப்பு வேண்டும். இவ்விருசாராரையும் ஒரே நீரில் திருப்தி செய்வது இயலாத காரியம். நீளமான குளம் ஒன்று, வெந்நீர்க் குளம் சிறிதாக ஒன்று, ஏணியைப் பிடித்து இறங்க முடியாதவர்களுக்காகச் சாய்தளம் ஒன்று என்று திட்டம் விரிவடைவது ஆடம்பரத்தினால் அன்று. ஆனால் விரிவடையும் ஒவ்வோர் அங்கத்துக்கும் தனி வடிகட்டியும் தனி எந்திரமும் உண்டென்பதையும், வெந்நீரின் சூடு பெரும்பாலும் ஆவியாகவே போய்விடுவதால் இரவில் அதன்மேல் போர்த்துவதற்கு ஓர் உறை வாங்காவிட்டால் எரிபொருள் செலவு எவ்வளவோ ஏறிவிடும் என்பதையும், திட்டம் வகுக்கிற அன்றைக்கே கணக்கிட்டாக வேண்டும். கட்டுவதற்கு மானியம் கொடுக்க அரசாங்கங்கள் முன்வரும். கட்டிய குளத்தை ஐம்பது வருஷம் நடத்தும் செலவோ அந்த ஊர் வரி செலுத்துவோரின் தலையில்தான் விழும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த வடசிட்னிக் குளத்தின் விஷயத்தில் என்ன நடந்தது? 2021இன் தொடக்கத்தில் பழைய குளத்தை மூடினார்கள். பழைய முகப்பைக் காப்பாற்றிக்கொண்டே புதிய 50 மீட்டர் குளமும், 25 மீட்டர் குளமும், பார்வையாளர் மாடமும் கட்டி, 2022ஆம் ஆண்டு முடிவதற்குள் திறந்துவிடலாம் என்பது உத்தேசம். ஆரம்பத்தில் ஏறக்குறைய 5 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று பேசப்பட்ட செலவு, 12 கோடியே 20 லட்சம் டாலரளவுக்கு உயர்ந்தது. ஒருபுறம் பாலம், மறுபுறம் கேளிக்கைப் பூங்கா, எதிரே கடல் என்று நெருக்குண்ட அந்த இடத்தில், தொன்மைச் சின்னம் ஒன்றை ஒட்டியே வேலை செய்வது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், இப்பெருஞ் செலவால் நிதி நெருக்கடிக்குள்ளான நகரசபை, இரண்டே ஆண்டுகளில் சொத்து வரியை 87 விழுக்காடு உயர்த்த அனுமதி கேட்டு, 2025இல் மாநிலத்தின் விலை நிர்ணய ஆணையம் அதை மறுத்துவிடும் அளவுக்கு விவகாரம் வளர்ந்துவிட்டது. அந்த வருஷத்தின் நடுப்பகுதியிலும் குளம் திறந்தபாடில்லை.

பணநஷ்டத்தைப் பற்றிப் பலரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். எனக்கோ மனத்தை உறுத்துவது வேறொரு நஷ்டம். 2021இல் ஐந்து வயதாயிருந்த குழந்தை 2025இல் ஒன்பது வயதுச் சிறுமி. நீரிடத்து அச்சம் வேரூன்றுவதற்கு முன்பே நீச்சல் பழக வேண்டிய அந்த நான்கு வருஷங்கள், அவளுடைய ஊர்க் குளத்தின் கதவு பூட்டியிருந்த வருஷங்களாகவே கழிந்தன. காரும் ஓய்வும் உள்ள பெற்றோர் பக்கத்து ஊர்க் குளத்துக்கு அழைத்துச் சென்றிருப்பார்கள். அவ்வசதி இல்லாத வீட்டுக் குழந்தை கரையிலேயே நின்றிருக்கும். கடல் உட்புகுந்த நகரத்தில் நீந்தத் தெரியாமல் வளர்வது என்பது, கைத்தொழில் ஒன்றைக் கற்கத் தவறியது போன்ற சாமானியக் குறை அன்று. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். திட்ட அறிக்கைகளில் சிமெண்டுக்கும் எஃகுக்கும் பத்தி பத்தியாக மதிப்புப் போடுகிறவர்கள், பூட்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் கற்காமல் போகிற குழந்தைகள் இத்தனை பேர் என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

எந்த ஊராயினும் சரி, பழைய குளத்தின் கதவைப் பூட்டுவதற்கு முன்பாகச் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் உண்டு. மண்ணைத் துளைத்துப் பரிசோதித்த முடிவுகள் கையில் இருக்க வேண்டும். வரைபடங்கள் கடைசி ஆணி வரைக்கும் பூர்த்தியாகியிருக்க வேண்டும். பாதியில் கருத்து மாறினால் ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒப்பந்தக்காரர் தனி விலை கேட்பார், கேட்பது நியாயமும்கூட. வேறு மனை கிடைக்குமானால், புதியது நிறைந்து ஜனங்கள் இறங்கும்வரை பழையதை எப்படியாவது ஒட்டுப்போட்டு நடத்துவதே உத்தமம். வேறு மனை கிடைக்காத இடத்தில், அண்டை ஊர்க் குளத்தோடு முதலில் உடன்படிக்கை செய்துகொண்டு, பள்ளி வகுப்புகளுக்கு நேரம் ஒதுக்கி, குழந்தைகளை அழைத்துச் செல்லும் பஸ்ஸுக்கும் நிர்மாணச் செலவிலிருந்தே பணம் எடுத்து வைத்து, அந்த உடன்படிக்கையில் கையொப்பமான பிறகே நிர்மாண ஒப்பந்தத்தை நகரசபையின் மேஜைக்கு வரவிட வேண்டும். வேலை ஒரு மாதம் தாமதமானால் பஸ்ஸும் ஒரு மாதம் கூடுதலாக ஓட வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடலாம்.