இந்த ‘நாம்’இல் யார் யார்?



இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தின் முடிவில் தீர்மானம் வாசிக்கும்போது ‘நாம் கோருகிறோம்’ என்ற இடம் வந்ததும் கையைத் தூக்குவார். “இந்த ‘நாம்’ல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்பார். இளம் வயதில் எங்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கிறது. கடைசிப் பேருந்து போய்விடுமே, இவர் இலக்கணம் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று முணுமுணுத்திருக்கிறோம். இன்று அவர் பெயரால் பேச வந்தபோது அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டோம். ஆனால் அதை வானத்திலிருந்து தொடங்குகிறோம்.

1977இல் அமெரிக்காவின் நாசா இரண்டு வாயேஜர் விண்கலங்களை அனுப்பியது. என்றாவது வேற்றுக்கிரகவாசிகள் கையில் கிடைக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் தங்கமுலாம் பூசிய ஓர் இசைத்தட்டு வைக்கப்பட்டது. அதில் 55 மொழிகளில் வணக்கம், பல நாட்டு இசை, மனித வாழ்வைக் காட்டும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். கார்ல் சேகன் தலைமையிலான குழு ஒரு முடிவும் எடுத்தது: போர், நோய், வறுமை ஆகியவற்றின் படங்கள் வேண்டாம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. ஆனால் விருந்தாளி வரும்போது எதை மறைப்பது என்பதும் ஓர் அரசியல்தான். 2020இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் அகமதாபாத் வந்தபோது, வழியிலிருந்த குடிசைப் பகுதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்களே, நினைவிருக்கிறதா? பூமியின் ‘நாம்’ என்ற படத்திலிருந்தும் ஏழை அப்படித்தான் விலக்கப்பட்டான்.

வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் மனிதகுலம் ஒன்றாகிவிடும் என்று சினிமா சொல்கிறது. 1996இல் வந்த ‘இண்டிபென்டன்ஸ் டே’ படத்தில் பூமி முழுவதும் ஓரணியில் நின்று போரிட்டு வெல்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1992இல், டெரிக் பெல் என்ற கருப்பின சட்டப் பேராசிரியர் இதற்கு நேர்மாறான ஒரு கதையை எழுதியிருந்தார். ‘விண்வெளி வணிகர்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எட்டே ஆண்டுகள் தள்ளியிருந்த எதிர்காலத்தில் கதை நடக்கிறது.

2000 சனவரி முதல் நாள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் ஆயிரம் விண்கப்பல்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் சண்டைக்கு வரவில்லை. நாட்டின் கடனை அடைக்கத் தங்கம் தருகிறார்கள். மாசைப் போக்க வேதிப்பொருள் தருகிறார்கள். தூய ஆற்றலுக்கு வழி தருகிறார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றே: நாட்டிலுள்ள கருப்பின மக்கள் அனைவரையும் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று சொல்லவில்லை. கட்டாயமும் இல்லை. முடிவெடுக்க 16 நாள் அவகாசம்.

தோழர்களே, இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். கொடுமை செய்வது வெளியிலிருந்து வந்தவன் அல்ல. அவன் விலை மட்டும்தான் சொன்னான். மற்றதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே செய்கிறார்கள். அமைச்சரவை கூடுகிறது. இராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பதில்லையா, அதுபோல் இதுவும் தேசத் தொண்டுதான் என்று சட்ட விளக்கம் கிடைக்கிறது. அரசமைப்பைத் திருத்தப் பொது வாக்கெடுப்பு நடக்கிறது. நூற்றுக்கு 70 பேர் சம்மதம் என்கிறார்கள். வணிக நிறுவனங்கள் எதிர்க்கின்றன. வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களே என்ற கவலை அவர்களுக்கு. இறுதியில், மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளன்று, மூதாதையர் வந்திறங்கிய கோலத்திலேயே, சங்கிலியில் பிணைக்கப்பட்டு அந்த மக்கள் கப்பல் ஏறுகிறார்கள்.

இது மிகை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்நாட்டின் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பு, மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியது. வெள்ளையர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசம் அது. 1942 முதல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற்றும் ஆணை செல்லும் என்று 1944இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெல் புதிதாகக் கற்பனை செய்தது கப்பல்களை மட்டும்தான்.

பெல்லின் ஆய்வு வாதமும் இதையே சொன்னது. கருப்பின, வெள்ளையினக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையரின் நலனும், பனிப்போர்க் காலத்தில் உலகின் முன் அமெரிக்கா காக்க விரும்பிய பெயரும் அப்போது கருப்பின மக்களின் உரிமையோடு ஒத்துப்போனதாலேயே அது சாத்தியமானது என்று 1980இல் அவர் எழுதினார். நலன்கள் ஒத்துப்போகும்போது கிடைக்கும் உரிமை, நலன்கள் பிரியும்போது என்னவாகும்? அதற்கு அவர் தந்த விடைதான் இந்தக் கதை.

இது நமக்கு அந்நியமான கேள்வியா? 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், அதை விரைவில் நீக்காவிட்டால் சனநாயகமே தகர்ந்துவிடும் என்று. பெல்லின் கதையில் வாக்குரிமை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. சகோதரத்துவம் மட்டும் இல்லை. அது இல்லாத இடத்தில் வாக்குச்சீட்டே விற்பனைப் பத்திரம் ஆகிவிடுகிறது. நதியை மீட்க, நகரை அழகுபடுத்த என்று சொல்லி, சென்னையின் சேரிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட மக்களுக்கு, ‘பொது நலன்’ என்ற சொல்லில் தாங்கள் இல்லை என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் வெளியே பார்ப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. 1946இல் அம்பேத்கர், கருப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கருப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கும் மனுவின் படி கிடைக்குமா என்று கேட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். மீட்பரைத் தேடி எழுதிய கடிதம் அல்ல அது. தம்மைப் போல் ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்களிடம் கைநீட்டியது. 1972இல் மகாராட்டிரத்தில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நமக்குத் தேவையான அயலார் சந்திப்பு அப்படிப்பட்டதுதான்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ஆதிக்கம் செய்பவர்கள் ‘நாங்கள்’ என்று நினைத்துக்கொண்டு ‘நாம்’ என்று பேசுகிறார்கள். அதைத் தோலுரிக்க நமக்குத் தெரியும். ஆனால் தோழர் கை தூக்கியது அவர்கள் மேடையில் அல்ல, நம் மேடையில்.

பெல்லின் வாழ்க்கையும் அதையே கேட்கிறது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பணி பெற்ற முதல் கருப்பினப் பேராசிரியர் அவர். அந்தப் பணியில் ஒரு கருப்பினப் பெண்கூட இல்லை என்பதற்காக 1990இல் ஊதியமில்லா விடுப்பில் போனார். திரும்பாததால் 1992இல் வேலையே போயிற்று. அங்கே ஒரு கருப்பினப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது 1998இல். தனக்கு நாற்காலி கிடைத்ததோடு ‘நாம்’ முழுமை பெற்றுவிட்டதாக அவர் நினைக்கவில்லை.

நாங்கள் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தீர்மானங்களில் தூய்மைப் பணியாளர் பற்றிய தீர்மானம் எத்தனை முறை கடைசியில் வந்திருக்கிறது? நேரமில்லை என்று அதை வாசிக்காமலே நிறைவேற்றியும் இருக்கிறோம். பேசுவோர் பட்டியலில் பெண்களின் பெயரை அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அவசரமாகச் சேர்த்திருக்கிறோம். நாளை யாராவது நமக்கும் ஒரு விலை சொன்னால், முதலில் யாரை விட்டுக்கொடுப்போம் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

மாணவத் தோழர்களே, இன்று இந்தக் கூட்டத்தின் முடிவிலும் தீர்மானங்கள் உண்டு. வாசிக்கும்போது உங்களில் யாராவது கையைத் தூக்குங்கள். நேரமாகிறது என்று இந்த முறை நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஜெய்பீம்.