கைவேலைக்கு விலை சொல்லும் பாடம்

செம்பில் செய்த சின்னக் கிண்ணம், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு மெல்லிய மூக்கு, பின்னால் மூங்கில் பிடி. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இதைச் சாந்திங் என்பார்கள். உருகிய மெழுகை இதில் மொண்டு, மூக்கு அடைக்காமல் இருக்க ஓர் ஊது ஊதி, துணியில் கோடு இழுக்க வேண்டும். மெழுகில் சூடு ஏறிவிட்டால் கோடு பரவும். ஆறிவிட்டால் இழைக்குள் இறங்காமல் மேலாக நிற்கும், சாயம் அடியில் புகுந்துவிடும். துணியில் மெழுகெழுதிச் சாயமேற்றும் பாத்திக் கலையே இந்தப் பக்குவத்தில்தான் நிற்கிறது.

இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்த ஊர், ஜாவாவின் வடகரையில் இருக்கும் பெக்கலோங்கன். இளையவர்களுக்கு ஆர்வம் குறைந்துவருவதைக் கண்டு, 2005-06 கல்வியாண்டிலிருந்து உள்ளூர்ப் பாடமாகவே வைத்தார்கள். தொடக்கப் பள்ளி முதல் தொழிற்கல்விப் பள்ளி, பாலிடெக்னிக் வரை அது போயிற்று. ஊரின் பாத்திக் அருங்காட்சியகம் துணை நின்றது. 2009 அக்டோபரில் பாத்திக்கைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, அதே ஆண்டில் இந்தப் பயிற்சித் திட்டத்தையும் நல்ல பாதுகாப்பு முயற்சி என்று தனியே ஏற்றது. கலைக்குக் கிடைத்த பெருமையைவிட, கற்றுக்கொடுத்த முறைக்குக் கிடைத்த பெருமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்தோனேசியாவில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மூன்றாண்டு தொழிற்கல்விப் பள்ளியில் சேரலாம். அங்கே ஆடைப் பிரிவும் உண்டு, தொழில் முனைவும் பாடம். பிள்ளைகள் தைத்ததை விற்கவும் பழகுகிறார்கள். சிலருக்கு இது உறுத்துகிறது. கலையைக் கற்கிற வயதில் கடை எதற்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு மாணவி கையால் மெழுகெழுதிய துணியை விற்க உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முடிக்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அடுத்த கடையில் அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்து மலிவாகக் குவித்திருக்கிறார்கள். துணி, மெழுகு, சாயம், அடுப்பெரித்த செலவு எல்லாவற்றையும் அவள் கூட்டிவிடுவாள். தன் உழைப்பை மட்டும் விட்டுவிடுவாள், படிக்கிற பிள்ளைதானே என்று. ஆசிரியர் அவளைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடம் இது. உட்கார்ந்த மணிநேரத்தையும் கணக்கில் எழுதவைத்தால், அச்சுத் துணிக்கும் தன் துணிக்கும் என்ன வித்தியாசம் என்று வாங்குபவரிடம் அவளே எடுத்துச் சொல்வாள். செம்பு அச்சில் மெழுகு தோய்த்துப் பதிப்பதும் பாத்திக்தான், மெழுகே படாதது பாத்திக் ஆகாது என்று சொல்லும் துணிச்சலும் வரும்.

மரபைத் தெரிந்துகொள்வது வெட்டும் மேசையிலும் உதவும். பராங் என்ற சாய்கோட்டுக் கோலம் ஒரு காலத்தில் ஜாவா அரச குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. அதைச் சட்டையாக வெட்டும்போது, பொத்தான் பட்டியில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இழுத்துவைத்து வெட்டினால் கோலம் நடுவில் முறிந்துவிடும். பெக்கலோங்கனின் ஜ்லாம்ப்ராங் கோலமோ, குஜராத்திலிருந்து கப்பலேறிப் போன பட்டோலா என்ற பட்டுத்துணியைப் பார்த்துப் பிறந்தது. சொந்த மரபு என்பதும் கடல்வழியே வந்து சேர்ந்ததுதான் என்று அந்தப் பிள்ளைகள் விரல்நுனியிலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு குறை மனதை அரிக்கிறது. பெக்கலோங்கன் ஆறுகள் சாயக் கழிவால் நிறம் மாறி ஓடியிருக்கின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவும் விலைக்கணக்கில் ஒரு வரியாக வந்தாக வேண்டும். திருப்பூரில் நொய்யல் ஆற்றைப் பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திக் நமக்கும் அந்நியமில்லை. சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த இளம் ஓவியர்கள், ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத அறுபதுகளில் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்துத்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.