வெப்பத்துக்கும் ஒரு வழி



நண்பரொருவர் தம் வரவேற்பறை அலுமாரியில், தந்தையார் சேர்த்த நூல்கள் இருந்த கீழ்த்தட்டுகளைக் கழற்றி, குளிர்பானங்களுக்கெனச் சிறிய குளிர்சாதனப் பெட்டியொன்றைப் பொருத்த விரும்பினார். என்னிடம் யோசனை கேட்டார்.

1834 இல் ஜேக்கப் பேர்கின்ஸ் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு இதன் தத்துவம் ஒன்றே: பெட்டி குளிரைப் படைப்பதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சாதாரணப் பெட்டி பின்புறத்தாலும் பக்கங்களாலும் வெப்பத்தை விடும். அதை மரத்துக்குள் அடைத்தால் இயந்திரம் ஓயாது ஓடித் தேயும். முன்புறக் காற்றுவழி உள்ள வகையே அலுமாரிக்குப் பொருந்தும், அவ்வழியை மறைக்கலாகாது.

நூல்கள்? பக்கத்துத் தட்டிலிருந்த பீங்கான் சாமான்களை இறக்கி, கண்மட்டத்தில் நூல்களை அடுக்குங்கள் என்றேன். அடுக்கினார். இப்போது குளிர்பானம் அருந்த வருவோர் ஒரு நூலையும் கையில் எடுக்கின்றனர். விருந்தோம்பல் என்பது தாகம் தீர்ப்பதோடு முடிவதில்லையே!